நடாமல் வளர்ந்த இருபது கோடி மரங்கள்

1983-ஆம் வருடம். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் தெற்கில், மராடி பகுதியின் மணல் பாதை ஒன்றில் டோனி ரினாடோ வண்டியை நிறுத்துகிறார். ஆஸ்திரேலியாக்காரர், வேளாண்மை படித்த இளைஞர். கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு ஒன்றின் மரம் நடும் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு அங்கே வந்தவர். வண்டி நிறைய மரக்கன்றுகள். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும், அதற்காகத்தான் இறங்கினார். எந்தத் திசையில் பார்த்தாலும் மரம் இல்லை. அங்கங்கே முழங்கால் உயரத்துக்குப் புதர். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த புதர்தான். அன்று பக்கத்தில் போய் இலையைத் தொட்டுப் பார்த்தார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர் அது.

அவர் நட்டுக்கொண்டிருந்த கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து செத்தன. மிஞ்சியதை ஆடு மேய்ந்தது. ஊருக்குப் பாரமான வேலை என்று விவசாயிகளே சலித்துக்கொண்டார்கள். ஆனால் நடவேண்டிய மரம் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தது. லட்சக்கணக்கான அடிக்கட்டைகள், ஆழமாக இறங்கிய வேரோடு, ஒவ்வொரு மழைக்கும் துளிர்த்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் விவசாயிகள் அவற்றை வெட்டி எரித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. வெட்டிப்போட்ட வேப்பங்கட்டையில் ஒரு மழை பட்டால் எத்தனை துளிர் வெடிக்கும் என்று தெரியாதவர் யார்? கரும்பை வெட்டிய பிறகு தூரிலிருந்து வருகிற மறுதாம்பை வைத்து நம் ஊரில் அடுத்த வெள்ளாமையே எடுக்கிறார்கள். மராடி விவசாயிக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் வெட்டினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிறு விவசாயிகளிடம் நல்ல நிலப் பராமரிப்பைக் கொண்டுசேர்ப்பது பற்றி உலகம் முழுக்கக் கூட்டங்கள் நடக்கின்றன. மாதிரிப் பண்ணை அமைக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், மானியம் தருகிறார்கள். பத்து ஊரில் நன்றாக வருகிறது. திட்டம் முடிந்ததும் பதினோராவது ஊருக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. தெற்கு நைஜரில் மட்டும் ஒரு பழக்கம் இருபது வருடத்தில் சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவியது. தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் விதைக்கிற மொத்த நிகரப் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், ஏன் வெட்டினார்கள்? ஒன்று, சுத்தமான வயல்தான் நல்ல வயல் என்கிற எண்ணம். காலனி ஆட்சிக் காலத்திலிருந்தே வேளாண் அதிகாரிகள் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கட்டையைப் பிடுங்கு, நேர்வரிசையில் விதை. வரப்போரத்து மரம் நிழல் கட்டினால் பயிர் வராது என்று நம் பக்கத்திலும் சொல்வது உண்டு இல்லையா, அந்த மாதிரி. இரண்டாவது காரணம் சட்டம், அதுதான் பெரியது. பிரெஞ்சு ஆட்சியில் 1935-ல் வந்த வனச் சட்டப்படி முக்கியமான மரங்களை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நாடு 1960-ல் விடுதலை பெற்ற பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. சொந்த நிலத்தில் நின்றாலும் மரம் அரசாங்கத்துடையது. கிளையைக் கழித்தாலும் வனக்காவலர் வந்து அபராதம் போடுவார். அப்படியானால் விவசாயி என்ன செய்வார்? மரமாக வளர்ந்தால்தானே வம்பு, துளிராக இருக்கும்போதே வெட்டிவிடுவார்.

மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டமே மரத்தை முளையிலேயே கொன்றது. நமக்கும் இது பழகிய கதைதான். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசுக்குச் சொந்தம் என்றே நெடுங்காலம் இருந்தது. கன்று தெரிந்ததும் சத்தமில்லாமல் பிடுங்கிவிடுவதே நல்லது என்று பலரும் நினைத்தார்கள். 2002-ல் சட்டத்தைத் திருத்தி, மரம் நிலத்துக்காரருக்கே என்று ஆக்கிய பிறகுதான் சந்தனம் வளர்ப்பதைப் பற்றி விவசாயிகள் யோசிக்கவே ஆரம்பித்தார்கள்.

சரி, மராடிக்கு வருவோம். ரினாடோ சொன்ன முறை ஒரு பத்தியில் அடங்கிவிடும். ஒரு அடிக்கட்டையில் இருபது முப்பது துளிர் வந்திருக்கும். அதில் நேராக, திடமாக இருக்கிற நாலைந்தை மட்டும் விட வேண்டும். மற்றதை அறுத்துவிட வேண்டும். விட்ட துளிர்களிலும் கீழ்ப்பாதியில் இருக்கிற பக்கக் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். அறுத்த குச்சி அன்றைக்கே அடுப்புக்கு ஆகும். அடுத்தடுத்த வருடங்களில் ஒரு தண்டை விறகுக்கு வெட்டி, அந்த இடத்தில் புதுத் துளிர் ஒன்றை விடலாம். நாற்றுப்பண்ணை வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆழ வேர் ஏற்கெனவே இருப்பதால் ஒரே வருடத்தில் ஆள் உயரம் வந்துவிடும். கையில் ஒரு அரிவாளோ கோடரியோ இருந்தால் போதும்.

ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள்தான் ஒத்துக்கொண்டார்கள். ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. விட்டுவைத்த தண்டுகளை இரவில் யாரோ வெட்டிக்கொண்டும் போனார்கள். 1984-ல் பெரிய பஞ்சம் வந்தது. வேலைக்கு உணவு கொடுக்கும் திட்டத்தில், தானியம் வாங்குகிறவர்கள் தங்கள் நிலத்தில் ஹெக்டேருக்கு 40 மரமாவது விட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஏக்கருக்குப் பதினாறு. சுமார் 5 லட்சம் மரங்கள் நின்றன. பஞ்சம் தீர்ந்து திட்டம் முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டிவிட்டார்கள்.

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் தோல்வி என்று எழுதி இந்த இடத்தில் முடிந்திருக்கும். ஆனால் வெட்டாமல் விட்டவர்களின் நிலத்தில் என்ன நடக்கிறது என்பதை வெட்டியவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு முழுப் பருவம் பார்த்தார்கள். மரம் இருந்த நிலத்தில் கம்பு நன்றாக வந்தது. அதற்குப் பிறகு நிபந்தனை போடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மராடியிலேயே 'டான் சாகா' என்று ஒரு ஊர். அங்கே இதே விஷயத்தை யாரும் வந்து சொல்லவில்லை. 1980-களின் முற்பகுதியில், பிழைப்புக்கு வெளியே போயிருந்த இளைஞர்கள் சிலர் மழை தொடங்கிய பிறகு தாமதமாக ஊர் திரும்பினார்கள். நிலத்தைச் சுத்தம் செய்ய நேரமில்லை. புதருக்கு நடுவிலேயே அவசரமாக விதைத்தார்கள். அறுவடையில் அவர்கள் நிலம் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. அடுத்த வருடமும் அப்படியே. ஊர் விழித்துக்கொண்டது. பின்னாளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊர்க்குழுக்கள் அமைத்து, யார் எப்போது வெட்டலாம், திருடினால் என்ன தண்டம் என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டார்கள்.

கம்பு ஏன் நன்றாக வந்தது என்று கேட்டால், அந்த ஊர் விவசாயி முதலில் காற்றைத்தான் சொல்வார். மராடியில் வருடத்துக்கு ஒரு மழைக்காலம்தான், ஜூன் முதல் செப்டம்பர் வரை. முதல் மழையோடு சூறாவளிக் காற்றும் வரும். முளைத்த கம்பை மணல் மூடும், அல்லது மணல் துகள் உரசி இலை கிழியும். மூன்று முறை நான்கு முறை திரும்பத் திரும்ப விதைப்பது அங்கே சகஜமாக இருந்தது. மரம் நின்ற பிறகு ஒரே விதைப்பு போதும் என்றானது. விதைக்கம்பு வீட்டுச் சாப்பாட்டுக் கம்பிலிருந்துதானே எடுக்கப்பட வேண்டும்? பஞ்ச காலத்தில் இரண்டு மூன்று விதைப்புத் தானியம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நாம் சாப்பிடுகிற கம்புக்கும் பூர்வீகம் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே நீளும் இந்த சாஹேல் நிலப்பரப்புதான்.

அடுத்தது இலை. காவோ என்று ஹௌசா மொழியில் அழைக்கிற ஒரு முள்மரம் அங்கே உண்டு, நம் கருவேலத்துக்குச் சொந்தம். அது மற்ற மரங்களுக்கு நேர்மாறு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், கோடையில் தழைத்து நிற்கும். பயிர் நிற்கும்போது நிழல் இல்லை, வெயில் கொளுத்தும்போது ஆடுமாட்டுக்கு நிழலும் தழையும் நெற்றும் கிடைக்கும். உதிர்ந்த இலை மண்ணுக்கு உரம். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணில் சேர்க்கிற மரமும் கூட. நிழலுக்கு ஒதுங்குகிற மாடு அங்கேயே சாணி போடும். மழைக்கு முன்பே அந்த மரத்தடி எருப் போட்ட நிலமாகிவிடும். மராடிக்குப் பக்கத்திலுள்ள ஜிண்டர் பகுதியை ஆண்ட பழைய சுல்தான்கள் காவோவை வெட்டியவருக்குத் தலையெடுக்கும் தண்டனை விதித்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். அந்த மரத்தின் மதிப்பு மக்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதற்கு அந்தப் பேச்சே போதும்.

விறகின் பலன் பெண்களுக்கு நேரடியாகத் தெரிந்தது. விறகு பொறுக்க நாளுக்கு இரண்டரை மணி நேரம் நடந்தவர்களுக்கு அரை மணி நேரமாகக் குறைந்தது என்று ஜிண்டர் பகுதியில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முன்பு விறகு இல்லாததால் சாணியையும் தட்டையையும் எரித்தார்கள். விறகு கிடைத்ததும் அவை மண்ணுக்குத் திரும்பின. கூக்கா என்கிற பெருக்க மரத்தின் இலை அங்கே அன்றாடக் குழம்புக்கு ஆகிறது. ராமநாதபுரத்திலும் மன்னாரிலும் வேடிக்கை பார்க்கிறோமே, அந்த ஆனைப்புளிய மரமேதான். நிலத்தில் நாலு கூக்கா வைத்திருக்கிற குடும்பம் இலையை விற்றே கோடையை ஓட்டும்.

இந்த மாற்றம் வெளியே தெரிய இருபது வருடம் ஆனது. 2004-க்குப் பிறகு நெதர்லாந்து புவியியலாளர் கிரிஸ் ரெய், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கிரே டப்பன் இருவரும் பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1970-களில் மொட்டையாக இருந்த நிலத்தில் இப்போது புள்ளிபுள்ளியாக மரம். சுமார் 50 லட்சம் ஹெக்டேர், ஏறக்குறைய 20 கோடி மரங்கள். இதனால் வருடத்துக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைகிறது, அது 25 லட்சம் பேருக்குச் சாப்பாடு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். தானிய மதிப்பீடு கூடக்குறைய இருக்கலாம். மரத்தைப் படத்தில் எண்ணிவிடலாம்.

மழை கூடியதால் வந்த பச்சை இது என்று சிலர் சொன்னார்கள். 1980-களின் வறட்சிக்குப் பிறகு மழை ஓரளவு மீண்டது உண்மைதான். ஆனால் எல்லையைத் தாண்டினால் வடக்கு நைஜீரியா. அங்கே மழை இன்னும் அதிகம். அதே மண், அதே ஹௌசா மக்கள். மரம் மட்டும் குறைவு. இன்னொன்று, நைஜருக்குள்ளேயே மரம் கூடியது ஜன நெருக்கம் அதிகமான மராடி, ஜிண்டர் பகுதிகளில். ஜனம் பெருகினால் காடு அழியும் என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே நிலம் சிறுத்துப்போன குடும்பம்தான் ஒவ்வொரு கட்டையையும் கணக்குப் பார்த்து வளர்த்தது.

இதற்கு நடுவில் சட்டப் பக்கத்தில் என்ன ஆனது? மராடியில் ரினாடோ வனத்துறை அதிகாரிகளிடம் பேசி, மரம் விட்டவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கச் சம்மதிக்க வைத்தார். எழுத்தில் எதுவும் மாறவில்லை. வனக்காவலர் அபராதப் புத்தகத்தைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1987-ல் ராணுவ ஆட்சியாளர் செய்னி குன்ட்சே இறந்த பிறகு அரசின் பிடி பொதுவாகவே தளர்ந்தது. 1993-ல் நில உரிமை பற்றிய ஊரகச் சட்டம் வந்தது, 2004-ல் புது வனச் சட்டம். கட்டை வளர்ப்பைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிற அரசாணை 2020-ல்தான் வந்தது. மக்கள் நடந்து முடித்த பாதையில் சட்டம் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த முதல் தளர்வு, "உன் மரம் உனக்கு" என்கிற வாய்வார்த்தை, அது இல்லாமல் ஒரு துளிரும் நின்றிருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

பக்கத்து நாடான புர்கினா பாசோவிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே பரவிய விதம் வேறு. யட்டெங்கா பகுதியில் நிலம் பொருக்குத் தட்டி சிமெண்டுத் தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர், 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் ஊரின் பழைய ஸாய் குழி முறையை எடுத்துக் கொஞ்சம் மாற்றினார். ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழம் என்று குழியைப் பெரிதாக்கினார். கோடையிலேயே தோண்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு கை எருவும் செத்தையும் போட்டார். அதைத் தின்ன கரையான் வந்தது. கரையான் மண்ணைக் குடைந்து போட்ட துளைகள் வழியாக முதல் மழை உள்ளே இறங்கியது. குழிக்குள் கம்பும் சோளமும் விதைத்தார். எருவில் கலந்திருந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றையும் அவர் பிடுங்கவில்லை. இருபது வருடத்தில் அங்கே ஒரு காடே இருந்தது.

1984 முதல் வருடத்துக்கு இரண்டு முறை தன் நிலத்தில் அவர் ஒரு சந்தை கூட்டினார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து குழியைப் பார்ப்பார்கள், விதை மாற்றிக்கொள்வார்கள், அவரவர் கண்டுபிடித்ததைப் பேசுவார்கள். 1989-ல் நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகளை ஒரு திட்டத்தின் பேருந்து யட்டெங்காவுக்குக் கூட்டிப்போனது. திரும்பியதும் சில பேர் தங்கள் நிலத்தில் தோண்டிப் பார்த்தார்கள், மொத்தம் 4 ஹெக்டேர். அடுத்த வருடம் 70 ஹெக்டேர். 1990 வறட்சி வருடம். குழி தோண்டிய நிலத்தில் மட்டும் தானியம் கிடைத்தது. பிறகு தரிசென்று ஒதுக்கிய பொருக்கு நிலத்தை விலைக்கு வாங்கிக் குழி போட ஆரம்பித்தார்கள். ஒரு பேருந்துப் பயணம் செய்த வேலை இது.

கல் வரப்பும் அங்கே இதே போலத்தான் பரவியது. மேட்டுநிலத்தில் தண்ணீர் வழிந்தோடாமல் இருக்க, சம உயரக் கோட்டில் கல் அடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சரிவில் எந்த இடம் எந்த இடத்துக்குச் சமம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொறியாளர் கருவி விலை அதிகம், படிப்பும் வேண்டும். நம் கொத்தனார்கள் சுவரில் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் பிடிப்பார்களே, அதைத்தான் 1980-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பின் திட்டத்தில் விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். ஒளி ஊடுருவும் குழாய் ஒன்று, இரண்டு குச்சி. ஒன்றிரண்டு நாளில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

நைஜர், யட்டெங்கா, இந்த டியூப், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. எல்லாமே விவசாயி தன் நிலத்தின் ஒரு மூலையில், கடன் வாங்காமல், ஒரே பருவத்தில் சோதித்துப் பார்க்கக் கூடியவை. நஷ்டமானால் ஒரு மூலை நஷ்டம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் முழு நிலத்தையும் ஒரு புது முறையில் பணயம் வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. அவரைத் தயங்குகிறவர், பழமைவாதி என்று சொல்வது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. நாளைக்குச் சோறு இல்லையென்றால் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் வீட்டில் தயக்கம்தான் புத்தி.

2007-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய பெரும் பசுமைச் சுவர் திட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். செனகலிலிருந்து ஜிபூட்டி வரை 8,000 கிலோமீட்டருக்கு மரச்சுவர் எழுப்புவது, 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது என்று இலக்கு. ஆரம்பத்தில் கன்று நடுவதிலேயே கவனம் போனது. 2020-ல் ஐ.நா. கணக்கெடுத்தபோது குறித்த பகுதிக்குள் மீண்டது சுமார் 40 லட்சம் ஹெக்டேர்தான். இப்போது அவர்களே சுவர் என்பதை விட்டுவிட்டு, ஊர்களில் ஏற்கெனவே நடப்பதைத் தாங்கிப்பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல மாற்றம். எத்தியோப்பியாவின் ஹும்போவில் 2006-ல் இப்படிச் செய்தார்கள்: சுமார் 2,700 ஹெக்டேர் மொட்டை மலையை ஏழு ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டப்படி உரிமையாக்கி, கட்டையிலிருந்து வளர்க்க விட்டார்கள். இன்று அது காடு.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. ஸாய் குழிக்குக் கடுமையான உழைப்பு வேண்டும். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழிக்கு மேல், அதுவும் கோடை வெயிலில், மண்வெட்டி இறங்காத தரையில். வீட்டில் ஆம்பளை ஆள் இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது எட்டாது. எருவும் வேண்டும், ஆடுமாடு இல்லாதவருக்கு எரு ஏது? குத்தகைக்கு உழுகிறவர் மரம் விட்டால், நிலம் நன்றானதும் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிடலாம். பெண்களுக்கு நிலத்தில் பேச்சு இல்லாத இடங்களில் விறகு மட்டும்தான் அவர்கள் பங்கு, வெட்டலாமா வேண்டாமா என்ற முடிவு அவர்களிடம் இல்லை.

பிறகு மேய்ச்சல்காரர்கள். ஃபுலானி மக்கள் கோடையில் மந்தையோடு தெற்கே இறங்கி வருவார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டை அடைக்க விவசாயி தானியம் கொடுப்பார், நிலத்துக்கு எரு கிடைக்கும். நம் கீதாரிகள் வயலில் கிடை போடுவது போலவே. ஆனால் மரம் தனியாருடையது என்று ஆன பிறகு, மந்தைக்குத் தழை ஒடிப்பது திருட்டு ஆகிவிட்டது. பரம்பரையாக அந்த வழியில் போனவர்கள் குற்றவாளிகளாக நிற்கிறார்கள். ஊர்க்குழுவில் மேய்ச்சல்காரருக்கும் ஒரு இடம் கொடுத்த ஊர்களில் சண்டை குறைவு. கொடுக்காத ஊர்களில் தழையில் தொடங்கும் தகராறு ஆயுதத்தில் போய் முடியும் ஆபத்து இருக்கிறது. மர எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

2018-ல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது ரினாடோவுக்கும் சவடோகோவுக்கும் அதே வருடம் கிடைத்தது. தரிசில் குழி தோண்ட ஆரம்பித்த நாளில் ஊர் தன்னைப் பைத்தியம் என்றதைச் சவடோகோ சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் முதலில் வளர்த்த மரங்களை யாரோ கொளுத்தியும் விட்டார்கள். அவர் திரும்ப வளர்த்தார். பிறகு பக்கத்து நகரமான ஊஹிகூயா வளர்ந்து, நகர விரிவாக்கத்துக்கு மனை பிரித்தபோது அவர் காட்டுக்குள்ளேயே வீடுகள் எழுந்தன. அந்த மண்ணில் நாற்பது வருடம் உழைத்தவரிடம் அது அவருடையது என்று சொல்ல ஒரு பட்டா இருக்கவில்லை. தன் காட்டைத் தானே விலை கொடுத்து மீட்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பரில் இறந்துபோனார். அவர் காட்டிக்கொடுத்த குழிகளை இந்தக் கோடையிலும் யட்டெங்காவில் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.